மேட்டுத் தெருவுக்கு ஏறாத தண்ணீர்

சாவிக்காரர் என்றால் பூட்டுக்குச் சாவி போடுகிறவர் என்று நினைத்துவிடக் கூடாது. அவருடைய சாவி தோள் உயரத்துக்கு ஓர் இரும்புக் கம்பி. மேலே குறுக்குப் பிடி, அடியில் சதுர வாய். தெருவோர வால்வுக் குழிக்குள் அதை இறக்கித் திருப்பினால் பூமிக்கடியில் ஒரு தெருவுக்குத் தண்ணீர் திறக்கும், இன்னொரு தெருவுக்கு மூடும். முப்பத்தோரு வருடம் அதைத் தோளில் சுமந்து நடந்ததில் சொந்தப் பெயர் ரேஷன் அட்டையோடு நின்றுவிட்டது.

அப்பா அதே குடிநீர் அலுவலகத்தில் குழாய்க்குப் பள்ளம் வெட்டியவர். தாய்மாமன் நீரேற்று நிலையத்தில் மோட்டார் பார்த்தவர். பெண் எடுத்த வீடும் தண்ணீர் லாரி ஓட்டின வீடுதான். "எங்க வீட்டுப் பிள்ளைங்களுக்கு மூக்கு ஒழுகினாக்கூட வாஷர் மாத்தத்தான் தோணும்" என்று அவரே சொல்லிச் சிரிப்பார்.

எந்தத் தெருவுக்கு அடியில் எந்தக் குழாய் என்று அலுவலகத்தில் ஒரு தாளும் கிடையாது. எல்லாம் அவர் தலைக்குள் இருந்தது. அந்தப் பெருமையில் ஒரே ஒரு முள், அவர் தங்கை.

கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். அவளைக் கொடுத்த இடம் மேட்டுத் தெரு. அங்கே பதினோரு வருடமாகக் குழாயில் நூல் மாதிரிதான் தண்ணீர். தெரு உச்சியில் உள்ள பள்ளிக்கூடத்தில் அவளுக்குத் துப்புரவு வேலை. கழுவத் தண்ணீர் இல்லாததால் பெண்பிள்ளைகளின் கழிப்பறைக்குப் பூட்டுப் போட்டிருந்தார்கள். பெரிய வகுப்புப் பிள்ளைகள் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்காமல் வாய் வறண்டு உட்கார்ந்திருப்பதை அவள்தான் தினமும் பார்த்தாள்.

முதலில் அண்ணனிடம் கெஞ்சினாள். பிறகு ஏசினாள். ஒவ்வொரு தடவையும் அவர் சாவியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். இடப்பக்கம் திருப்பினால் திறக்கும், வலப்பக்கம் திருப்பினால் மூடும். இது அவருக்குச் சோறும் வாயும் போல. குழியில் சாவியை இறக்கி, தங்கைக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு, இடப்பக்கம் இன்னும் ஓர் அரைச் சுற்று இழுத்து வைப்பார். "முழுசா திறந்திருக்கும்மா. இதுக்கு மேல மேடு. தண்ணி ஏறாது, நான் என்ன பண்ணட்டும்?"

கடைசியில் அவள் அவரோடு பேசுவதையே விட்டாள். அவர் வந்தால் சுவரோடுதான் பேச்சு. "ஏ சுவரே, ஊருக்கெல்லாம் தண்ணி விடுற மகராசன் வந்திருக்காரு. உக்காரச் சொல்லு. குடிக்கத் தண்ணி மட்டும் கேக்க வேண்டாம்னு சொல்லு."

இப்படி இருக்கையில் அலுவலகத்துக்குப் புதிதாக ஒரு பொறியாளர் அம்மா வந்தார். வீணாகிற தண்ணீரைக் கண்டுபிடித்து, எல்லாத் தெருவுக்கும் ஒரே அளவில் கொடுக்க வேண்டும் என்பது அவருக்கு இட்ட வேலை. மேட்டுத் தெரு அடிவாரத்தில் ஒரு தடவை, உச்சியில் ஒரு தடவை அழுத்தமானியை மாட்டிப் பார்த்தார்.

"மேடு எவ்வளவு உயரம் இருக்கும்?"

"மூணு ஆள் உயரம் மேடம்."

"இங்க இருக்கிற அழுத்தம் அஞ்சு ஆள் உயரத்துக்குத் தள்ளுமே. மேல முள்ளு அசையவே இல்ல. நடுவுல ஏதோ தடுக்குது. வால்வு எப்படி?"

"முழுசா திறந்திருக்கு. என் கையால திறந்தது மேடம்."

பொறியாளர் அம்மா அதை அப்படியே குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அப்படியானால் குழாயில்தான் அடைப்பு என்று, மூன்று நாளில் மூன்று இடத்தில் தெருவை வெட்டினார்கள். தங்கை சுவரைப் பார்த்துச் சொன்னாள்: "மூணு குழி ஆச்சு. நாலாவதுல என்னைப் போட்டு மூடிடச் சொல்லு. தாகமாவது அடங்கும்."

மூன்றாம் குழியில், குழாய் பொருத்துகிற பிட்டர் இறங்கிக் குழாயை அறுத்தார். உள்ளே பளிச்சென்று இருந்தது, அடைப்பு எதுவும் இல்லை. கசிந்த நூல் தண்ணீர் காலடியைச் சேறாக்கவே, "அண்ணே, அந்த வால்வைக் கொஞ்சம் மூடேன்" என்று குரல் கொடுத்தார்.

அந்த வால்வை அங்கே வைத்த நாளிலிருந்து யாரும் அதை மூடினதே இல்லை. மூடுவதற்குத் தண்ணீர் வந்தால்தானே? சாவிக்காரர் வலப்பக்கம் திருப்பினார். முதலில் அசையவில்லை. பிறகு இளகியது. பத்துச் சுற்றுக்குள் மேலிருந்து அலறல் கேட்டது.

"அண்ணே! மூடச் சொன்னா திறக்கிறியே!"

"மூடிக்கிட்டுத்தான்யா இருக்கேன்!"

"மூடினா ஏன்யா என் தலைக்கு மேல போகுது!"

அவர் இடப்பக்கம் திருப்பினார். சத்தம் அடங்கியது. வலப்பக்கம் திருப்பினார். பிட்டர் மறுபடி அலறினார். மெல்ல இடப்பக்கம் மூடிவிட்டு, குழிக்குள் இறங்கிச் சாக்குத் துணியால் வால்வின் தலையைத் தேய்த்தார். சேற்றுக்கு அடியில் இரும்பிலேயே வார்த்த ஓர் அம்பு, திறக்கிற பக்கத்தைக் காட்டிக்கொண்டிருந்தது. அது வலப்பக்கம் பார்த்தது.

அப்போது நினைவு வந்தது. பதினோரு வருடத்துக்கு முன் லாரி ஏறிப் பழைய வால்வு உடைந்தது. ஸ்டோரில் வேறு கம்பெனி வால்வு நாலு கிடந்தது. அதில் ஒன்றை இங்கே வைத்தவர் அவர்தான். தங்கை கேட்ட ஒவ்வொரு முறையும் ஓடி வந்து, இருந்த பலத்தையெல்லாம் போட்டு, தங்கை வீட்டுத் தண்ணீரை இன்னும் கொஞ்சம் இறுக்கி மூடியிருக்கிறார். பழி மேட்டுக்கு, பாவம் கைக்கு.

பிட்டர் சொட்டச் சொட்ட வந்து நின்றார். அம்பைப் பார்த்தார், சாவிக்காரர் முகத்தைப் பார்த்தார். குரல் தணிந்தது. "அடைப்பு தானா தள்ளிக்கிட்டுப் போயிடுச்சுன்னு சொல்லிடலாம்ணே. மேடம் ஆபீஸ்லதான் இருக்காங்க. ரெண்டு வருஷத்துல நீ ரிட்டயர்டு. எதுக்கு வம்பு?"

சாவிக்காரருக்கு ஆசையாகத்தான் இருந்தது. தண்ணீர் வந்துவிடும். தங்கை பேசிவிடுவாள். யாருக்கும் ஒன்றும் தெரியாது. மிச்சம் மூன்று வால்வும் எங்கே இருக்கின்றன என்பதும் அவருக்குத் தெரியும்: ஆஸ்பத்திரிக்குப் பின்தெரு, செங்கல் சூளை வரிசை, பேருந்து நிலையக் கழிப்பறை. மூன்றும் தண்ணீர் வராத இடம் என்று பேர் வாங்கினவை. அவற்றையும் சத்தமில்லாமல் திருப்பிவிடலாம். ஆனால் நாளைக்கு இந்தச் சாவியை எடுக்கிறவனும் இடப்பக்கம்தானே திருப்புவான்? சொல்லாமல் போனால் அதே ஜனம் மறுபடி காயும்.

"குழாயை இணைச்சு வை. நான் ஆபீஸுக்குப் போயிட்டு வரேன்" என்றார்.

பொறியாளர் அம்மா முழுக்கக் கேட்டார். குறிப்பேட்டைத் திறந்தார். "நானும் சோதிக்காமத்தான் எழுதிக்கிட்டேன்" என்று பழைய வரியை அடித்தார். "நாலு வால்வுக் குழி மூடிக்கும் சிவப்புப் பெயிண்ட் அடிங்க. அம்புக்குறியும் போடுங்க. அப்புறம் உங்க தலைக்குள்ள இருக்கிற எல்லாக் குழாயையும் சொல்லுங்க, தாள்ல வரைஞ்சிடலாம்."

அது சுலபமாக முடிந்தது. திரும்பி வந்து மேட்டுத் தெரு வால்வை வலப்பக்கம் முழுக்கத் திறந்துவிட்டார். தங்கையிடம் போகத்தான் கால் வரவில்லை.

அவர் போனபோது பள்ளிக்கூடம் விட்டிருந்தது. கழிப்பறைப் பூட்டு வெளியே கிடந்தது. குழாய் கொட்ட, தங்கை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தரையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் சொல்லிவிட்டார்.

துடைப்பம் நின்றது.

"அப்போ, நான் கேட்டப்பல்லாம் நீ வந்து மூடிட்டுத்தான் போனியா?"

"ஆமாம்மா."

"அரைச் சுத்து அதிகமாவே?"

"ஆமா."

அவள் குழாயை மூடினாள். ஈரக் கையை முந்தானையில் துடைத்தாள். திட்டியிருந்தால் தேவலை என்று அவருக்குப் பட்டது. தெருவில் வாளிகள் நிரம்பும் சத்தம் கேட்டது. அடைப்பு நீங்கியது என்று யாரோ பிட்டரைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னும் இல்ல. நீ பக்குவமா எடுத்துச் சொன்னீன்னா..."

"நானா? என் வாயால சொல்ல மாட்டேன். பதினோரு வருஷம் குடம் தூக்கினவங்க. ஒவ்வொரு வாசலா நின்னு நீயே சொல்லு." துடைப்பத்தைக் கீழே வைக்காமலே முன்னால் நடந்தாள். "வா, நானும் கூட வரேன். எவளாவது அடிக்க வந்தா குறுக்க நிப்பேன். முதல் அடி என்னுது. அதை வேற யாருக்கும் விட்டுத் தர மாட்டேன்."

சாவியைப் பள்ளிக்கூடச் சுவரில் சாத்திவிட்டு அவர் அவள் பின்னால் போனார். முதல் வீட்டுக் கதவை அவளே தட்டினாள்.