இமயமலையும் எங்கள் கல்யாணத் தேதியும்

என் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டது இமயமலை. எங்கள் வீட்டுக்கும் மாப்பிள்ளை வீட்டுக்கும் நடுவில் வந்த தகராறுக்கு ஆளாளுக்கு ஒரு காரணம் சொல்வார்கள். நான் திருவொற்றியூரில் ஒரு பள்ளியில் ஒன்பதாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறவள். உண்மையான குற்றவாளி யார் என்று எனக்குத் தெரியும்.

ஆசியா பாடத்தில் ஒரு ஐந்து மதிப்பெண் கேள்வி உண்டு. ஒரு கண்டத்தின் இயற்கை அமைப்பு அங்கு வாழும் மக்களின் தொழிலையும் பண்பாட்டையும் எவ்வாறு வடிவமைக்கிறது? பிள்ளைகள் ஒப்பிப்பார்கள். வடக்கே இமயம் குளிர்காற்றைத் தடுக்கிறது, தெற்கிலிருந்து போகும் மழைக்காற்றையும் மறிக்கிறது, ஆகவே பருவமழை, ஆகவே விவசாயம், ஆகவே திருவிழாக்கள். நாலைந்து ‘ஆகவே’ சரியான இடத்தில் விழுந்தால் நான் முழு மதிப்பெண் போட்டுவிடுவேன். அந்த வரிசையின் கடைசியில் என் கல்யாணமும் வந்து மாட்டிக்கொள்ளும் என்று யார் கண்டது.

அப்பாவுக்குக் காலடிப்பேட்டையில் மளிகைக் கடை. சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். எங்கள் கடற்கரையில் தெற்கிலிருந்து வடக்கே நகர்ந்துகொண்டிருப்பவை இரண்டு. ஒன்று மணல், இன்னொன்று அண்ணாச்சிமார். கடல் தள்ளிக்கொண்டு வந்த மணலைத் துறைமுகச் சுவர் மறித்துவிட்டது. மெரினாவுக்கு அகலமான கரையும், ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரை எங்களுக்குக் கடல் அரிப்பும், அதைத் தடுக்கக் கொட்டிய கருங்கல்லும் கிடைத்தன. அண்ணாச்சிமாரைச் சுவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. சுவரைச் சுற்றி வந்து தெருவுக்கு ஒரு கடை போட்டார்கள். இத்தனை வருஷமாகக் கடலுக்குப் பக்கத்தில் கடை வைத்திருந்தும் அப்பா ஒருநாளும் கரைப்பக்கம் போனவர் இல்லை. கேட்டால், “அங்க என்ன யாவாரம் நடக்கு?” என்பார்.

மாப்பிள்ளையை நான் முதலில் பார்த்தது பள்ளியில். கரையோரக் குப்பத்துப் பிள்ளைகளுக்கு மற்ற மாதங்களில் பெற்றோர் கூட்டத்துக்கு அம்மாவும் அத்தையும்தான் வருவார்கள். ஜூன் தொடக்கத்தில் மட்டும், மீன்பிடித் தடைக்காலத்தில் படகுகள் கட்டிக் கிடப்பதால், திடீரென்று ஆண்கள் முளைப்பார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு வந்து, பிள்ளை எந்த வகுப்பு என்று பிள்ளையிடமே கேட்டுக்கொள்வார்கள். அவர் அக்கா மகளுக்காக வந்தார். காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். சுவரில் இருந்த ஆசியா படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, காசிமேடு எங்கே என்று கேட்டார். இவ்வளவு சின்னப் படத்தில் வராது என்றேன். நீல நிறத்தில் விரலை வைத்து, “நா இங்கதான் டீச்சர் வேல பாக்குறேன். இதுல ஒரு பேரும் போடலியே” என்றார். எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் மற்றதெல்லாம் வந்தது.

இரண்டு வீட்டுக்கும் சாதி வேறு. அதற்குண்டான அழுகை, பட்டினி, ஊரிலிருந்து பெரியப்பா கிளம்பி வந்தது, பேசாமல் திரும்பிப் போனது எல்லாம் முறைப்படி நடந்தன. அம்மா ஒருநாள் அலுத்துப்போய்ச் சரி என்றாள். அம்மா சரி என்றால் அப்பாவுக்கும் சரிதான். அத்தனையும் முடிந்து, தை மாதத்தில் அவர் அம்மா பழத்தட்டோடு நாள் குறிக்க வந்தார். சாதியைத் தாண்டிய கல்யாணம் அன்றைக்குப் பருவத்தைத் தாண்ட முடியாமல் நின்றுவிட்டது.

அவர் அம்மா காசிமேட்டில் மீன் ஏலம் எடுத்து விற்கிறவர். மெதுவாகப் பேசினாலே எதிர்வீட்டு ஜன்னல் திறக்கும். அன்றைக்குப் பட்டுப்புடவையில் மிக அடக்கமாக உட்கார்ந்திருந்தார். அப்பா இரண்டு நாளாக யோசித்து வைத்திருந்ததைப் பெருமையோடு எடுத்துவிட்டார்.

“தடைக்காலத்துல உங்க பக்கம் வருமானம் இருக்காது. அந்த நேரத்துல கல்யாணச் செலவ இழுத்துவிட்டா நல்லாருக்குமா? அதனால தடை முடிஞ்சி, ஆனி பொறந்ததும் மொத முகூர்த்தமா பாத்துருக்கேன்.”

“போட்டு கடல்ல எறங்கி ரெண்டாம் நாளு” என்றார் அவர் அம்மா.

“ஆமா. நாலு காசு பொழங்கும்லா.”

அவர் அம்மா காப்பி டம்ளரைக் கீழே வைத்தார். “மாப்ள கடல்ல கீறப்போ தாலிய யாரு சம்பந்தி கட்றது?”

அப்பாவுக்குப் புரியவில்லை. பெருந்தன்மையாகத்தானே பேசினோம், இந்தம்மா ஏன் முறைக்கிறார் என்று என்னைப் பார்த்தார். தடை முடிந்த அன்றைக்கு ஒரு விசைப்படகுகூடக் கரையில் நிற்காது. இரண்டு மாதம் யாரும் தொடாத கடல். அந்த முதல் மீன்பாட்டை விட்டுவிட்டு எவனும் பந்தியில் உட்கார மாட்டான். அவர்கள் வழக்கத்தில் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு எல்லாமே தடைக்காலத்தில்தான். குப்பத்து ஆண்கள் மொத்தப் பேரும் கரையில் இருக்கும் காலம் அது ஒன்றே. என் வகுப்பில் அந்தக் குப்பத்துப் பிள்ளைகளில் நிறையப் பேருக்குப் பிறந்தநாள் மாசி மாதத்தில் வரும். வைகாசியிலிருந்து எண்ணிப் பாருங்கள், காரணம் புரியும்.

“கடல்ல பாதி ஜனம், கரையில பாதி ஜனம்னா அது கல்யாணமா? வைகாசில வெய்யுங்க” என்றார் அவர் அம்மா.

“வைகாசியில எப்படிம்மா? மிளகா சீசன்லா?” என்றார் அப்பா.

இதை அவர் அம்மா ஒரே விதமாகத்தான் எடுத்துக்கொண்டிருப்பார். பெற்ற மகள் கல்யாணத்தைவிட மிளகாய் பெரிதா? தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போய்விட்டார். காப்பியில் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

ஆனால் அப்பா பக்கமும் நியாயம் இருந்தது. சித்திரையும் வைகாசியும் திருவொற்றியூர் மொட்டை மாடிகள் சிவப்பாகிவிடும். வருஷத்துக்கு வேண்டிய மிளகாய்த்தூளை அந்த வெயிலில்தான் காயவைத்து அரைப்பார்கள். மாதவரத்திலிருந்து லாரி லாரியாக மிளகாயும் மல்லியும் புளியும் வந்து இறங்கும். சரியாக அதே நேரத்தில் சொந்த ஊரில் கோயில் கொடைத் திருவிழா. கடை ஆட்கள் எல்லாரும் ஊர்க்காரர்கள். கொடைக்குக் கால் நாட்டிவிட்டால் ஊர் எல்லையைத் தாண்டித் தங்கக் கூடாது என்று கட்டுப்பாடு, ஆகவே அதற்கு முன்பே மூட்டை கட்டிக்கொண்டு ரயிலேறிவிடுவார்கள். வியாபாரம் கொழிக்கிற மாதத்தில் கடையில் அப்பாவும் தராசும் மட்டும்தான்.

இரண்டு பக்கத்துக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட நான் பூமத்திய ரேகை மாதிரி இருந்தேன். எல்லாரும் அதைப் பற்றிப் பேசுவார்கள், யாரும் கண்ணால் பார்க்க மாட்டார்கள். ஒருநாள் தாளாமல், “ரெண்டு பேருக்கும் இதே வெயில்தாம்ப்பா பிரச்சினை” என்று ஆரம்பித்தேன். கண்டமே கொதிக்கிற மாதங்கள், கடலில் மீன் இனப்பெருக்கம் செய்கிற காலம், ஆகவே தடை, ஆகவே அவர்களுக்குக் கல்யாணம். இமயத்தை நோக்கிப் போகிற மழைக்காற்று மேற்கு மலையிலேயே கொட்டிவிட்டு நமக்கு வெறும் வெயிலை அனுப்புகிறது, ஆகவே மிளகாய், ஆகவே நமக்கு வியாபாரம். அப்பா பொறுமையாகக் கேட்டுவிட்டு, “அப்ப இமயமலையத் தள்ளி வைக்கச் சொல்லு” என்று அரிசி அளக்கப் போய்விட்டார்.

மாசியும் பங்குனியும் கோபத்திலேயே கழிந்துகொண்டிருந்தன. வேறு மாதம் கிடைக்குமா என்று நானே பஞ்சாங்கத்தோடு உட்கார்ந்தேன். ஆடியில் கூடாது. ஆவணியில் அவர்களுக்கு நல்ல மீன்பாடு. புரட்டாசி கூடாது. ஐப்பசியில் அப்பாவுக்குத் தீபாவளி, எங்கள் தெருவுக்கு முழங்கால் தண்ணீர். கார்த்திகையில் ஒரு நம்பிக்கை தெரிந்தது, புயல் எச்சரிக்கை வந்தால் படகுகள் தானாகக் கரையில் நிற்கும். ஆனால் வங்கக்கடலில் காற்றழுத்தம் உருவாகும் நாளைப் பார்த்து எந்த அச்சகத்தில் பத்திரிகை அடிப்பது? மார்கழி கூடாது. அடுத்த தை வரை இந்தக் கோபம் காத்திருந்தால் கெட்டியாகிவிடும் என்று எனக்குத் தெரிந்தது. கல்யாணம் நின்றே போகும் என்று பயந்தேன். இரவு தூக்கம் இல்லை, பகலில் வகுப்பில் பிள்ளைகளிடம் எரிந்து விழுந்தேன். அவர் போனில் மட்டும் நிதானமாக, “அம்மா கோவம் காத்து மாரி. தெச மாறும்” என்பார். எனக்கு அந்த நிதானத்தின் மேலேயே கோபம் வந்தது.

சித்திரை பாதி கடந்திருந்தது. தடை தொடங்கிவிட்டது. பள்ளி விடுமுறை என்பதால் கடையில் அப்பாவுக்குச் சில்லறை கொடுத்துக்கொண்டிருந்தேன். ஆட்கள் முந்தின நாளே ஊருக்குப் போய்விட்டிருந்தார்கள். பார்த்து வந்ததுபோல் மிளகாய் லாரி வந்து தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. பின்னால் ஒரு பேருந்து, அதன் பின்னால் ஆட்டோக்கள், எல்லாம் ஒரே ஹாரன். அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஒரு மூட்டையை முதுகில் ஏற்றிப் பார்த்தார். மூட்டை அசையவில்லை, அப்பா அசைந்தார்.

அப்போதுதான் ஆட்டோ வரிசையில் ஒன்றிலிருந்து அவர் அம்மா இறங்கி வந்தார். எங்களைப் பார்க்க வந்தவர் இல்லை. நெரிசலில் மாட்டிக்கொண்டு, எந்தப் பேமானி லாரியை நிறுத்தினான் என்று திட்ட வந்தவர். அப்பாவைப் பார்த்ததும் வாயில் வந்தது நின்றுவிட்டது. மூட்டையைப் பார்த்தார், அப்பாவின் முதுகைப் பார்த்தார்.

“ஆளுங்க எங்க சம்பந்தி?”

“கொடைக்குப் போய்ட்டாவ.”

‘சம்பந்தி’ என்ற அந்த ஒரு வார்த்தை இன்னும் உயிரோடு இருக்கிறது என்று நான் கல்லாவில் உட்கார்ந்து மூச்சு விட்டேன். அவர் அம்மா போனை எடுத்தார். “டேய், சும்மா குந்திகினு சீட்டு ஆடிகினு இருப்பீங்களே, எல்லாம் வாங்கடா காலடிப்பேட்டைக்கு.”

பத்துப் பன்னிரண்டு பேர் மூன்று ஆட்டோவில் வந்தார்கள். மாப்பிள்ளையும் வந்தார். மீன் கூடை கைமாற்றுகிற பழக்கத்தில் வரிசையாக நின்று மூட்டைகளைக் கைமாற்றினார்கள். சுறாவுக்குப் பயப்படாதவர்கள் குண்டூர் மிளகாய்க்கு முன்னால் தும்மித் தும்மிக் கண்ணீர் விட்டார்கள். “இன்னா மாமு இது, டீசல் பொகையே தேவல” என்றார் ஒருவர். பேருந்து நகர்வதற்குள் லாரி காலி. அப்பா எல்லாருக்கும் கலர் சோடா வாங்கிக் கொடுத்தார். அவர் அம்மாவுக்குத் தன் கையாலேயே பாட்டிலைத் திறந்து நீட்டினார். அவர் முழுவதும் குடித்தார்.

“தடை முடியற வரைக்கும் எங்க ஆளுங்க வெட்டியாதான் கீறானுங்க” என்றார் அவர் அம்மா, பாட்டிலைக் கீழே வைத்துவிட்டு. “உங்களுக்கு ஆளு வோணும். எங்களுக்கு வைகாசி வோணும்.”

அப்பா தலையைச் சொறிந்தார். “அது சரி, இனிமே மண்டபம் கெடைக்கணும்லா?”

“தை மாசமே புடிச்சி வெச்சிட்டேன். வைகாசி கடேசி முகூர்த்தம்.” அவர் வேறெங்கோ பார்த்தார். “கோவத்துல எழுந்து போனேன். மண்டபத்த இன்னாத்துக்கு உடணும்?”

மறுநாளிலிருந்து எங்கள் கடையை மீனவர்கள் நடத்தினார்கள். புளியை எடை போடச் சொன்னால் மீனை வீசுவதுபோல் கட்டியை உயர்த்தித் தராசில் வீசுவார்கள். அரைக் கிலோ மல்லி கேட்டு இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் வந்தால் பழக்கதோஷத்தில் ஏலம் ஆரம்பித்துவிடும். அப்பா முதலில் தலையில் கை வைத்தார். பிறகு தைரியமாகக் கொடைக்கே போய் வந்தார். திரும்பி வந்தபோது வாடிக்கையாளர்கள் அவரிடம், “அந்த அண்ணனுங்க இல்லியா?” என்று கேட்டதில் கொஞ்சம் மனத்தாங்கல். கல்யாணம் குறித்த நாளில் நடந்தது. குப்பம் முழுவதும் வந்தது, கொடை முடிந்துவிட்டதால் எங்கள் ஊரும் வந்தது. நான் சந்தோஷத்தில் அழுதேன். மிளகாய் என்று சொல்லிச் சமாளித்தேன், யாரும் நம்பவில்லை.

அடுத்த சில நாட்களில் தடை முடிந்தது. அவர் கிளம்புகிற அன்று காசிமேடு துறைமுகத்துக்கு நானும், இப்போது எனக்கு அத்தையாகிவிட்ட அவர் அம்மாவும் போனோம். கிளம்பும்போது அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். தண்ணீரிலிருந்து தள்ளி, ஐஸ் லாரிக்குப் பக்கத்தில் நின்றார். எஞ்சின்கள் ஓட ஆரம்பித்து, டீசல் புகையில் ஒன்றும் தெரியவில்லை. அவர் படகில் ஏறிக் கயிற்றை அவிழ்த்தபோது அப்பா திடீரென்று முன்னால் வந்து, அத்தனை சத்தத்துக்கும் மேலாகக் கேட்டார்.

“மாப்ள, எப்ப வருவீங்க?”

சுற்றி நின்றவர்கள் திரும்பி அப்பாவைப் பார்த்தார்கள். அவர் அப்பாவைப் பார்த்துக் கையை மட்டும் உயர்த்தினார். படகு நகர்ந்தது. தை மாதம் போலவே மறுபடி எதையோ தப்பாகச் சொல்லிவிட்டோம் என்று அப்பாவுக்குப் புரிந்துவிட்டது. முகம் சுண்டிவிட்டது.

“கடலுக்குப் போறவன அப்டி கேக்கக் கூடாது சம்பந்தி” என்றார் அத்தை. குரலில் கோபம் இல்லை.

“தெரியாமக் கேட்டுட்டேன்மா. எம்பிள்ள தனியா இருப்பாள்லா, அதான்.”

படகு துறைமுக வாயைத் தாண்டும் வரை அத்தை அதையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மிக மெதுவாகச் சொன்னார். அவ்வளவு மெதுவாக அவர் பேசி நான் கேட்டதே இல்லை.

“என் வூட்டுக்காரரு போவறப்போவும் கேட்டதில்ல, இவன் போவறப்போவும் கேட்டதில்ல. கேக்கணும்னு நாக்கு நுனி வரைக்கும் வரும். நீங்க கேட்டுட்டீங்க, பரவால்ல.”