ஊதா மூடி ட்யூப்

என் மருமகளின் இடது கையில் ஒரே சமயத்தில் மூன்று நிறங்கள் இருந்தன. முழங்கைக்கு மேலே மஞ்சள், அதற்குக் கீழே பச்சை, மணிக்கட்டுக்குப் பக்கத்தில் கத்தரிப்பூ நிறம். அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தவள் நான் பார்ப்பதைக் கவனித்துவிட்டு, குளிமுறியில் வழுக்கி விழுந்துவிட்டதாகச் சொன்னாள். திருநெல்வேலியிலிருந்து வந்த பெண். கல்யாணமாகி இந்த மலையாள ஊருக்கு வந்த ஒரு வருஷத்துக்குள் குளியலறை அவளுக்குக் குளிமுறி ஆகிவிட்டது. நான் தலையாட்டினேன்.

ரத்தத்தைப் பார்த்துத்தான் முப்பது வருஷமாக நான் சாப்பிடுகிறேன். பழவங்காடியில் ஒரு சின்ன லேபில் டெக்னீஷியன். அடி விழுந்தால் தோலுக்குக் கீழே என்ன நடக்கும் என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். மயிரிழையைவிட மெல்லிய குழாய்கள் கிழிகின்றன. சிவப்பணுக்கள் வெளியே கொட்டுகின்றன. அவற்றுக்கு உட்கரு கிடையாது. ஆக்சிஜன் சுமக்க இடம் வேண்டும் என்று எலும்பு மஜ்ஜையிலேயே உட்கருவைத் துப்பிவிட்டு வந்தவை அவை. குழாய்க்கு வெளியே விழுந்தால் சாக வேண்டியதுதான். தட்டணுக்கள் ஓடிவந்து கிழிந்த இடத்தில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி அடைக்கின்றன. அப்புறம் பெரிய வெள்ளையணுக்கள் வந்து, செத்த செல்களை முழுசாக விழுங்குகின்றன. விழுங்கியது செரிக்கச் செரிக்கத்தான் கறுநீலம் பச்சையாகும், பச்சை மஞ்சளாகும். ஒரு தடவை வழுக்கி விழுந்தவளின் கையில் மூன்று நிறமும் சேர்ந்து இருக்காது. மஞ்சள் போன வாரத்துக்கு முந்தியது. பச்சை போன வாரத்தது. கத்தரிப்பூ நேற்றையது.

நேற்றுச் சாயங்காலம் நான் வீட்டில்தான் இருந்தேன். அவர்கள் அறையிலிருந்து முதல் சத்தம் வந்ததுமே எழுந்துபோய் மிக்ஸியைப் போட்டேன். ஜாரில் அரைப்பதற்கு ஒன்றும் இல்லை. மூன்றாம் வேகத்தில் வைத்துவிட்டு, உள்ளே சத்தம் நிற்கும்வரை அதைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

அடிக்கிறவன் என் ஒரே மகன். ஐ.டி. கம்பெனியில் வேலை, நல்ல சம்பளம், எங்கள் வலியசாலை முழுக்க நல்ல பெயர். அப்பனைக் கொண்டிருக்கிறான் என்று சொல்லித் தப்பிக்கவும் எனக்கு வழியில்லை. காலமாகிவிட்ட என் கணவர் கோபம் வந்தால் செருப்பை மாட்டிக்கொண்டு கோவில் தெருவை நாலு சுற்றுச் சுற்றிவிட்டு வருவார். அந்த வீட்டில் கை ஓங்கியவள் நான் ஒருத்திதான்.

அவனை டாக்டராக்க வேண்டும் என்று எனக்கு வெறி. எட்டாம் வகுப்பில் ஒரு நாள் விலங்கு செல்லை வரையச் சொன்னேன். பள்ளிக்கூடத்தில் அவனுக்கு எல்லாம் மலையாளத்தில். செல் அங்கே கோசம். வரைந்துவிட்டுச் சுற்றி இரட்டைக் கோடு போட்டு, கோசபித்தி என்று எழுதினான். செல்சுவர். செடியின் செல்லுக்குத்தான் சுவர், நமக்கு வெறும் சவ்வு, எண்ணெய்ப் படலம் மாதிரி மெல்லிசான சவ்வு என்று முந்தின நாள்தான் ஒரு மணி நேரம் தொண்டை கிழியச் சொல்லியிருந்தேன். மர ஸ்கேலை எடுத்தேன். "சுவர் உண்டா? சுவர் உண்டா?" என்று கேட்டுக் கேட்டு முழங்காலுக்குக் கீழே அடித்தேன். ஸ்கேல் உடைந்த பிறகுதான் நிறுத்தினேன். மறுநாள் டீச்சர் காலைப் பார்த்துவிட்டுக் கேட்டாராம். சைக்கிளிலிருந்து விழுந்துவிட்டேன் என்று சொல்லியிருக்கிறான். அதை வீட்டுக்கு வந்து என்னிடம் பெருமையாகச் சொன்னான். நான் அவனுக்குப் பிடித்த வாழைப்பழ பஜ்ஜி, பழம்பொரி, வாங்கிக் கொடுத்தேன்.

மருமகளின் கைநிறங்கள் பக்கத்து வீட்டுக் கண்களிலும் பட ஆரம்பித்ததும், என் மகன் ஒரு காரணம் கண்டுபிடித்தான். இவளுக்குப் பிளேட்லெட் கம்மி, அதனால்தான் தொட்ட இடமெல்லாம் கன்றிப்போகிறது என்றான். தட்டணு குறைந்தால் அப்படி ஆகும் என்பது உண்மைதான். எந்த இணையப் பக்கத்தில் படித்தானோ. "நம்பலேன்னா நீயே ஒரு டெஸ்ட் பண்ணிப் பாரேம்மா" என்றான். நான்தான் அவளை லேபுக்கு அழைத்துப்போனேன். ஊசி குத்த வலது கையை நீட்டினாள். இடது கையில் நான் ரப்பர் கட்ட வெறும் இடம் இல்லை.

ரத்த எண்ணிக்கைக்கு எடுப்பது ஊதா மூடி போட்ட ட்யூபில். ரத்தம் உறையாமலிருக்க அதில் ஒரு மருந்து தடவியிருக்கும். மெஷினில் வைத்தேன். தட்டணு முப்பத்தெட்டாயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டியது. எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறி. சந்தேகம், கண்ணால் பார் என்று மெஷின் சொல்கிற குறி அது. நட்சத்திரம் வந்தால் ஒரு சொட்டை ஸ்லைடில் இழுத்து, சாயம் ஏற்றி, மைக்ராஸ்கோப்பில் பார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட வேண்டும். எங்கள் லேபில் அதை ஸ்மியர் பார்ப்பது என்போம். பார்க்காமல் ரிப்போர்ட் அனுப்பிய ஒரு பெண்ணை நான் எல்லார் முன்னாலும் வைது அழவிட்டிருக்கிறேன். "ஸ்மியர் நோக்கியோ?" என்று நான் கேட்டாலே ஜூனியர்கள் மறுபடி மைக்ராஸ்கோப்புக்கு ஓடுவார்கள்.

அன்றைக்கும் ஸ்லைடு இழுத்தேன். சாயமும் ஏற்றினேன். காயவைத்துப் பெட்டியில் அடுக்கிவிட்டேன். பார்க்கவில்லை. முப்பத்தெட்டாயிரம் என்ற எண் எனக்கு வயிற்றில் பாலை வார்த்திருந்தது. என் மகன் அடிக்கிறவன் இல்லை, என் மருமகள் நோயாளி. இதைவிட ஒரு தாய்க்கு என்ன வேண்டும்? கையெழுத்துப் போட்டு, கவரில் போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து அவன் கையில் கொடுத்தேன்.

அவன் அதை வைத்துச் சும்மா இருக்கவில்லை. மாமனாரை வரவழைத்தான். வாழ்நாளெல்லாம் கோவில் மடப்பள்ளியில் நின்ற மனிதர். திருநெல்வேலியிலிருந்து பஸ் ஏறி, ஒரு பை நிறைய முறுக்கோடு வந்தார். சீக்குப் பெண்ணை மறைத்து எங்கள் தலையில் கட்டிவிட்டீர்கள் என்று என் மகன் கத்தினான். அவர் ஒன்றும் புரியாமல் கையைக் கூப்பினார். தன் குழந்தைக்கு அப்படி ஒன்றும் இருந்ததாகத் தனக்குத் தெரியாது, வைத்தியம் தானே பார்த்துக்கொள்கிறேன் என்றார். காபி டம்ளர் பறந்துபோய் அவர் காதோரம் சுவரில் மோதியது. சட்டையெல்லாம் காபி. அவர் அதைத் துடைக்காமல் மகளிடம் கையில் என்ன என்று கேட்டார். "விழுந்துட்டேன்பா" என்றாள். நான் அவருக்கு இன்னொரு டம்ளர் காபி கலந்துகொண்டு வந்தேன். இப்போது நினைத்தால் அந்தக் காபியை என் தலையில் நானே கொட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அதற்குப் பிறகு அவன் அறைக் கதவைச் சாத்துவதையே விட்டுவிட்டான். கையில்தான் காகிதம் இருக்கிறதே. சார்ஜர் வயரால் அடித்தான். அலமாரிக் கதவில் அவள் விரல்களை வைத்து நசுக்கினான். தலைமுடியைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஹால்வரை வந்தான். யாராவது கேட்டால், ரத்தத்தில் கோளாறு, அம்மாவே டெஸ்ட் பண்ணிப் பார்த்தாள் என்பான். கோவிலில் பார்க்கிறவர்கள் என்னிடம் துக்கம் விசாரித்தார்கள். நான் முகத்தை அதற்கேற்ற மாதிரி வைத்துக்கொண்டேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இருவருக்கும் சாதம் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் தட்டைப் பார்த்தபடியே, வேறு ஒரு லேபில் இன்னொரு தடவை டெஸ்ட் செய்ய வேண்டும் என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அவன் எழுந்து, உள்ளங்கையை விரித்து, இடது காதில் அறைந்தான். அவள் நாற்காலியோடு சாய்ந்தாள். குனிந்து அதே காதில் மறுபடி அறைந்தான். மூன்றாவதற்குக் கை ஓங்கியபோது நான் சாதக் கரண்டியால் அவன் நெற்றியில் போட்டேன். பித்தளைக் கரண்டி. நெற்றி பிளந்து ரத்தம் மூக்கில் இறங்கியது. அவன் என்னைத் தள்ளியதில் ஃப்ரிட்ஜில் போய் விழுந்தேன். விழுந்த இடத்திலிருந்து பார்த்தால் அவள் காதிலிருந்து ஒரு சிவப்புக் கோடு கழுத்துக்கு இறங்கிக்கொண்டிருந்தது. அவள் அழவில்லை. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, எதையோ கேட்க முயற்சி செய்கிறவள் போல இருந்தாள்.

ஆஸ்பத்திரியில் காது டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். நெற்றியில் கட்டோடு என் மகனும் கூடவே வந்து நின்று, பிளேட்லெட் கம்மி, அதனால்தான் ரத்தம் நிற்கவில்லை என்று சப்பைக்கட்டுக் கட்டினான். ரிப்போர்ட்டை எடுத்து நீட்டினான். டாக்டர் அதைப் படித்துவிட்டு, கீழே இருந்த கையெழுத்து என்னுடையது என்று தெரிந்ததும் என்னைப் பார்த்தாள்.

"ஸ்மியர் நோக்கியோ, சேச்சி?"

"நோக்கி" என்றேன். வாய் கூசாமல் சொன்னேன்.

மறுநாள் காலையில் லேபை நானே திறந்தேன். பெட்டியிலிருந்து அந்த ஸ்லைடைத் தேடி எடுத்து லென்ஸுக்குக் கீழே வைத்தேன். முதலில் ஒன்றும் தெரியவில்லை. சொட்டை இழுத்து முடிக்கும் வால்பகுதிக்கு நகர்த்தியதும் தெரிந்தது. தட்டணுக்கள் கொத்துக் கொத்தாக ஒட்டிக்கொண்டு கிடந்தன. ஒரு கொத்தில் இருபது, இன்னொன்றில் நாற்பது. சிலருடைய ரத்தம் ஊதா மூடி ட்யூபின் மருந்து பட்டால் இப்படி ஆகும். ஒட்டிக்கொண்ட கொத்தை மெஷின் தட்டணு என்று எண்ணாது. அவள் உடம்பில் எந்தக் கோளாறும் இல்லை. கோளாறு ட்யூபில். ஒரு நிமிஷ வேலை. ஒரு மாசத்துக்கு முன்னால் அந்த ஒரு நிமிஷத்தைச் செலவழித்திருந்தால் அவன் கையில் காகிதமே இருந்திருக்காது. மைக்ராஸ்கோப் மேஜையில் தலையை இரண்டு தடவை முட்டிக்கொண்டேன். வலித்தது. போதுமான அளவு வலிக்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குப் போய், இந்தத் தடவை நீல மூடி ட்யூபில் அவளிடம் ரத்தம் எடுத்தேன். அதில் இருப்பது வேறு மருந்து. இரண்டு லட்சத்துப் பத்தாயிரம் வந்தது. புது ரிப்போர்ட்டின் கீழே, முதல் ரிப்போர்ட் தவறு, ஸ்லைடு பார்க்கப்படவில்லை, பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வேலை போகும் என்று தெரியும். போனது.

அன்று சாயங்காலம் என் மகன் சமையலறை வாசலில் வந்து நின்றான். லேபில் நான் எழுதியது அவன் காதுக்கு எட்டியிருந்தது. அந்தப் பேப்பரை அவளிடம் கொடுக்காதே என்றான். முதலில் மிரட்டினான், பிறகு அழுதான். நான் கேஸ் அடுப்பைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் நெற்றிக் கட்டைத் தொட்டுக் காட்டினான்.

"ஆபீஸ்ல எல்லாரும் இது என்னன்னு கேட்டா. விழுந்துட்டேன்னுதான் பறஞ்சிருக்கேன். உன்னைக் காட்டிக்குடுத்தேனா நான்?"

எட்டாம் வகுப்புப் பையனின் முகம்தான் அது. பழம்பொரிக்கு நிற்கிற முகம். துணியைக் கீழே போட்டுவிட்டு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் என்று எனக்கு இருந்தது. அவனுக்கு அடிக்கக் கற்றுக்கொடுத்தவள் நான், மறைக்கக் கற்றுக்கொடுத்தவளும் நான். ஆனால் ரிப்போர்ட்டைப் பகலிலேயே அவளிடம் கொடுத்துவிட்டிருந்தேன்.

பெண்களின் புகாரைக் கேட்கும் போலீஸ் அலுவலகத்தை இந்த ஊரில் எல்லாரும் வெறுமனே செல் என்பார்கள். ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வந்த அன்றைக்கே அவள் செல்லுக்குப் போக வேண்டும் என்றாள். நானும் வருகிறேன், நான் பார்த்ததையெல்லாம் சொல்கிறேன் என்றேன். அவள் ஆட்டோவில் நகர்ந்து இடம் விட்டாள். அவள் அப்பா திருநெல்வேலியிலிருந்து வந்துகொண்டிருந்தார்.

வராந்தாவில் ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். அவள் மடியில் ஃபைல். மேலே நீல மூடி ரிப்போர்ட், அதன் கீழே காது டாக்டரின் கடிதம். அந்தக் கடிதத்தை நான் படித்திருந்தேன். செவிப்பறை ஒட்டிவிடும். அதற்கும் உள்ளே, ஒலியை வாங்கி மூளைக்கு அனுப்பும் செல்கள் இருக்கின்றன, உச்சியில் பொடிப்பொடி மயிரிழைகளோடு. தோல் செல் செத்தால் புதிது வரும். சிவப்பணு நாலு மாசத்தில் செத்தால் மஜ்ஜை வேறு அனுப்பும். இவை செத்தால் செத்ததுதான். இடது காது இனி வராது.

நான் அவளுக்கு இடது பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டு, "என்னை மன்னிச்சுடுமா" என்றேன். பதில் இல்லை. நியாயம்தான் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு என் உதடு அசைந்ததை எப்படியோ பார்த்திருக்கிறாள்.

"இந்தப் பக்கம் வந்து சொல்லுங்கோ அம்மா. அந்தக் காது கேக்கலே."

எழுந்து அவளைச் சுற்றிப்போய் வலது பக்கம் உட்கார்ந்தேன். அதே வார்த்தை மறுபடி வாயில் வரவில்லை. அன்றைக்கு ஸ்லைடைப் பார்க்காமலேயே கையெழுத்துப் போட்டேன் என்று மட்டும் சொன்னேன்.

"தெரியும். நீங்களே எழுதியிருக்கேளே" என்றாள். ஃபைலின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினாள். "மிக்ஸி ஜார்லயும் ஒண்ணும் இருக்காது. வெறும் ஜார் ஓடினா சத்தம் வேற மாதிரி இருக்கும்மா. அப்போ எனக்கு ரெண்டு காதும் நன்னாக் கேட்டுண்டிருந்தது."