மாவு மில்லு வீட்டின் வரி

கௌமாரியைக் கும்பிடுகிற சகோதரிகளே, கோபத்தோடு சாமி முன்னால் போய் நின்ற ஒருத்தி எழுதுகிறேன். பக்தியோடு போனேன் என்று எழுதினால் அது பொய்யாகிவிடும்.

2006-ஆம் வருடம். அதுவரை பதினான்கு வருடம் திருப்பூரில் இருந்தோம். என் கணவர் பனியன் கம்பெனியில் மெஷின் மெக்கானிக். கம்பெனியில் ஷிப்டைக் குறைத்துவிட்டார்கள். வாடகை மட்டும் குறையவில்லை. நம் கௌமாரி கோயில் இருக்கிற வீரபாண்டிக்குப் பக்கத்தில் ஒரு மோட்டார் காயில் கட்டும் கடையில் அவருக்கு வேலை கிடைத்தது. பக்கத்து ஊரில் விலைக்கு ஒரு வீடும் வந்தது. என் நகையை எல்லாம் விற்று, அவருடைய சேமிப்பையும் போட்டு அந்த வீட்டை வாங்கினோம். இனி வாடகை இல்லை. அந்த ஒரு நினைப்பிலேயே இரண்டு பெண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மாசி மாதம் வந்து இறங்கினோம்.

வருவதற்கு முன்னால் நானே உட்கார்ந்து திட்டம் போட்டேன். அரிசி, பால், கேஸ், பள்ளிக்கூடம், பஸ், கரண்டு. அவர் சம்பளம் திருப்பூரில் வாங்கியதில் பாதிதான். ஆனாலும் வாடகை இல்லாததால் இழுத்துப் பிடித்தால் போதும் என்று வந்தது. வீட்டு வரி என்று ஒன்று இருப்பதே எனக்கு உறைக்கவில்லை. வாடகை வீட்டிலேயே இருந்தவளுக்கு அது எப்படித் தெரியும்? வீட்டை விற்றுப் பத்திரம் முடித்துக் கொடுத்தவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பணத்தை வாங்கிக்கொண்டு மகனோடு கேரளாவுக்குப் போய்விட்டார்.

குழாய் இணைப்புக்கு எழுதிக் கொடுக்கப் பஞ்சாயத்து ஆபீசுக்குப் போனபோதுதான் விஷயம் வெளியே வந்தது. வரி ரசீது கேட்டார்கள். இல்லை என்றேன். கிளார்க் பெரிய நோட்டைப் புரட்டினார்.

"ஏம்மா, இது வீடு இல்லையே. மாவு மில்லுன்னுல்ல இருக்கு. ஆறு வருசமா கட்டலை."

வீடாக இருந்தால் வருடத்துக்கு நானூறு ரூபாய். மில் என்பதால் நாலாயிரத்துக்கு மேல். ஆறு வருட பாக்கி இருபத்தாறாயிரத்துக்குப் பக்கம் நின்றது. அதைக் கட்டாமல் பேர் மாற்ற முடியாது. பேர் மாற்றாமல் குழாய் கிடையாது.

"சார், அங்கன மில்லே இல்ல சார். நாலு பேரு குடியிருக்கோம். வந்து பாருங்க."

"இப்ப இல்லைன்னு தெரியுதும்மா. என்னைக்கு மூடுனாகன்னு ஆதாரம் வேணும்ல? கரண்டு ஆபீசுல மில்லு இணைப்பைத் துண்டிச்ச சீட்டு இருந்தாக் கொண்டாங்க. அந்தத் தேதியில இருந்து வீடுன்னு மாத்தலாம்."

அவர் தப்பாக ஒன்றும் பேசவில்லை. அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கரண்டு ஆபீசில் கேட்டால் பழைய நோட்டுகள் வேறு கட்டடத்துக்குப் போய்விட்டன, தேட வேண்டும் என்றார்கள். நான்கு முறை போனேன். வீட்டை விற்றவருக்குப் போன் போட்டால் மணி அடித்துக்கொண்டே இருக்கும், எடுக்க மாட்டார். ஒவ்வொரு முறையும் பஸ் காசு, அரை நாள், பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து பூட்டிய வாசலில் நிற்பார்கள். தெருமுனையில் அடிபம்பில் தண்ணீர் அடித்து அடித்து என் வலது தோள் வீங்கிவிட்டது.

என் கணவர் ஒரு நாள்கூட ஆபீசுக்கு வரவில்லை. புது வேலை, லீவு போட முடியாது என்றார். பங்குனிக் கடைசியில் நோட்டீஸ் வந்தது. பதினைந்து நாளில் கட்டாவிட்டால் சாமான்களை ஜப்தி செய்வோம் என்று எழுதியிருந்தது. அதைப் படித்துவிட்டுச் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளி வைத்தார்.

"வித்துட்டுத் திருப்பூருக்கே போயிருவோம்" என்றார்.

"வித்தா? பாக்கியோட யாரு வாங்குவாக? அந்த ஆளு நம்ம தலையில கட்டுன மாதிரி நானும் இன்னொருத்தி தலையில கட்டணுமா?"

நானும் அவரும் நாலு நாள் பேசிக்கொள்ளவில்லை. பெரியவள் தட்டை எடுத்து வைத்தாள், சின்னவள் தண்ணீர் கொண்டு வைத்தாள். அவ்வளவுதான் வீடு.

அப்போது வீரபாண்டியில் கம்பம் நட்டிருந்தார்கள். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன், சித்திரைத் திருவிழாவுக்கு முன்னால் அத்திமரக் கம்பத்தை நட்டு, ஆற்றில் தண்ணீர் மொண்டு வந்து அதில் ஊற்றுவோம். ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பிவிட்டு நோட்டீஸைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். முல்லையாற்றில் இறங்கிக் குளித்து, குடத்தில் தண்ணீர் மொண்டு, ஈரச் சேலையோடு வரிசையில் நின்றேன்.

எல்லாரும் மனசுக்குள் வேண்டிக்கொண்டார்கள். என்னால் முடியவில்லை. வாய்விட்டே சண்டை போட்டேன்.

"ஆத்தா, நான் யாரு வீட்டுச் சொத்தையும் கேக்கல. நான் அரைக்காத மாவுக்கு நான் எதுக்கு வரி கட்டணும்? உன் ஊருக்குன்னு நம்பித்தானே வந்தேன்? ஒரு குடம் தண்ணிக்கு என்னைய நாய் மாதிரி அலைய விடுறியே! உனக்குக் கண்ணு இருக்கா இல்லையா?"

அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தது. எனக்குப் பின்னால் நின்ற அம்மாவுக்கு ஐம்பது வயது இருக்கும். தோளைத் தொட்டார்.

"ஏத்தா, சாமிகிட்ட வந்து வீட்டு வரியவா பேசுற? எந்த வீடு?"

"பழைய மாவு மில்லு வீடுக்கா" என்று ஊர் பெயரைச் சொன்னேன்.

அவர் குடத்தை இறக்கி வைத்துவிட்டு என்னை உற்றுப் பார்த்தார். "பச்சைக் கதவு போட்டதா? அந்த மில்லுல பதினோரு வருசம் நாந்தான் மாவு அரைச்சேன்."

பேச்சியம்மா அக்கா என்று பெயர். மில்லை மூடும்போது முதலாளி சம்பள பாக்கிக்குப் பதிலாக மோட்டாரையும் அரவைக் கல்லையும் அவருக்கே கொடுத்துவிட்டாராம். அவர் தன் வீட்டிலேயே மெஷின் போட்டிருக்கிறார். புது இணைப்பு வாங்கும்போது, இது பழைய மில்லில் எடுத்த மோட்டார்தான் என்று காட்டுவதற்காக, அந்த மில் இணைப்பைத் துண்டித்த சீட்டை வாங்கி வைத்திருக்கிறார்.

"பெட்டியில இருக்கு. தூக்கிப் போடணும்னு எத்தனையோ தடவ நினைச்சிருக்கேன். தண்ணிய ஊத்து. ரெண்டு பேருமாப் போயி எடுப்போம்."

நான் தண்ணீரை ஊற்றினேனா, குடம் கை நழுவியதா, எனக்கே தெரியவில்லை. அன்றைக்கு அத்தனை ஆயிரம் ஜனம். அந்த அக்காவை என் பின்னால் கொண்டுவந்து நிறுத்தியது யார்? தற்செயல் என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும். என் ஆத்தா நான் போட்ட சண்டைக்குப் பதில் சொல்லிவிட்டாள்.

சீட்டில் இருந்த தேதிப்படி, பாக்கி நின்ற ஆறு வருடத்தில் முதல் ஆறு மாதம் மட்டுமே மில் ஓடியிருக்கிறது. பேச்சியம்மா அக்கா தன் மெஷினை நிறுத்திவிட்டு என்னோடு ஆபீசுக்கே வந்து கையெழுத்துப் போட்டார். ஜப்தி நின்றது. அதோடு எல்லாம் முடியவில்லை. மனு கொடுத்து, ஆள் வந்து வீட்டை அளந்து, உத்தரவு வர இன்னும் இரண்டு மாதம் அலைந்தேன். கடைசியில் நாலாயிரத்துச் சொச்சம் கட்டச் சொன்னார்கள். இரண்டு தவணையில் கட்டினோம். இரண்டாவது தவணைக்கு என் கணவர் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தார். ரசீதைக் கையில் வாங்கியவர், "உன்னைய தனியா அலைய விட்டுட்டேன்" என்றார். அவர் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்து நான் கேட்டதில்லை.

ஆடியில் குழாய் வந்தது. முதல் தண்ணீரைச் சொம்பில் பிடித்து அம்மன் படத்துக்கு முன்னால் வைத்தேன். பிள்ளைகள் குழாயைத் திறந்து திறந்து மூடினார்கள். அன்றைக்கு நான் திட்டவில்லை.

இப்போதெல்லாம் எங்கள் வீட்டில் வரிப் பணத்தை எடுத்து வைத்த பிறகுதான் மற்ற செலவு. தெரிந்தவர்கள் யார் வீடு வாங்கினாலும், சுவருக்குச் சுண்ணாம்பு எப்படி என்று பார்ப்பதற்கு முன்னால் வரி ரசீதைக் கேளுங்கள், வீடு என்று இருக்கிறதா கடை என்று இருக்கிறதா பாருங்கள் என்று சொல்கிறேன். இதைச் சொல்ல வைத்ததும் அவள்தான்.

சகோதரிகளே, மனசு சரியாகட்டும், கோபம் ஆறட்டும், பிறகு கோயிலுக்குப் போகலாம் என்று காத்திருக்காதீர்கள். அப்படியே போங்கள். அவள் கோபித்துக்கொள்ள மாட்டாள். நம் பக்கத்துக்குப் புதிதாகக் குடிவந்த யாராவது காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஆபீஸ் ஆபீசாக அலைந்தால் என்னிடம் அனுப்புங்கள். கூடவே வருகிறேன். போகிற வழியில் வீரபாண்டியில் இறங்கி, அவளிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போவோம்.