வாசல் சரிவும் ஆயில் குச்சியும்

என் வண்டிக்கு இருபத்தாறு வயது. அது ஆயில் ஒழுக்குவதைப் பற்றி நான் பேச்செடுத்தால், எஸ்டேட்டில் கூட இருப்பவர்கள் மெல்ல எழுந்து போய்விடுவார்கள். குற்றம் சொல்ல மாட்டேன். எனக்கே சலித்துப்போன கதைதான்.

கிளியூர் போகும் வழியில், ஒரு சரிவில் எங்கள் வீடு. காலையில் மனைவியை ஏற்காட்டில் அவள் சமையல் வேலை பார்க்கும் பள்ளி விடுதியில் இறக்கிவிட்டு, தலைச்சோலைப் பக்கம் எஸ்டேட்டுக்குப் போவேன். அங்கே நான் ரைட்டர்; கணக்கெழுதும் வேலை. போன ஐப்பசியில் ஒரு மழை நாள், வளைவில் பின்சக்கரம் வழுக்கி இருவரும் விழுந்தோம். எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முழங்கால் வீங்கிவிட்டது.

ரோட்டில் உட்கார்ந்தபடியே அவள்தான் முதலில் பேசினாள்.

"பைய அந்தக் கையில இருந்து இந்தக் கைக்கு மாத்துனனுங்க. அதுலதான் வண்டி சாஞ்சிருச்சு."

வண்டியைத் தூக்கும்போது பின் டயரைப் பார்த்தேன். ஆயில் பூசிக்கிடந்தது. அப்போதே சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் வண்டியில் ஏற மறுத்துவிட்டாள். "நான் உக்காந்தா உங்களையும் சேத்துத் தள்ளிருவனுங்க" என்றாள். அன்றிலிருந்து மேட்டில் நடைதான். வலிக்கிற காலை இழுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பூசைக்கும் நடை. முதலில் ஆயிலை நிறுத்துவோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று இருந்தேன். கோழை என்று சொல்லுங்கள், தாங்கிக்கொள்கிறேன்.

ஆயில் நிற்கவில்லை. கடைத்தெருவில் பட்டறை வைத்திருக்கும் பாய் மூன்று முறை எஞ்சினைப் பிரித்தார். பேக்கிங் மாற்றினார், சீல் மாற்றினார், புது ஆயில் ஊற்றிக் கொடுத்தார். பத்து நாள் சும்மா இருக்கும். பதினோராம் நாள் அடியில் போட்ட அட்டை கறுத்திருக்கும். அந்தக் கறையைப் பார்த்தால் வேலைக்குப் போகவே கால் வராது. ஒழுகினால் உள்ளே குறையத்தானே செய்யும்? வாரம் தவறாமல் ஆயில் அளவு பார்க்கும் குச்சியை உருவிப் பார்த்து, குறைந்த அளவுக்கு ஊற்றி வைப்பேன். அந்த விஷயத்தில் என்னைப் போல ஒழுங்கானவன் இந்த மலையில் கிடையாது என்ற நினைப்பு வேறு.

நாலாம் முறை போனபோது பாயிடம் கத்திவிட்டேன். அவர் வண்டியைப் பட்டறையின் சிமென்ட் தரைக்குத் தள்ளிப்போய் குச்சியை உருவினார். மேல் கோட்டைத் தாண்டி ஆயில் நின்றது.

"ஏனுங்க ரைட்டரே, ஆயில எங்க வெச்சுப் பாக்கறீங்க?"

"ஊட்டு வாசல்லதான்."

"உங்க ஊட்டு வாசல் சரிவுங்களே."

வண்டி எப்போதும் மேட்டைப் பார்த்துத்தான் நிற்கும். ஆயில் பின்பக்கம் தேங்கிக்கொள்ளும். முன்னால் இருக்கும் குச்சியில் குறைவாகத் தெரியும். நானும் வாராவாரம் ஊற்றியிருக்கிறேன். நிறைந்து நின்றது வெளியே வராமல் என்ன செய்யும்? அந்த மழை நாளில் பின் டயருக்கு வந்ததும் அப்படித்தான்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம். உங்க கூடம் நெசமாவே கோணலுங்க" என்று பாய் சிரித்தார். கத்தியதற்கு மன்னிப்புக் கேட்டேன். டீ வாங்கிக் கொடுத்தார். குடிக்கவே அலுப்பாக இருந்தது.

அதிகமாக இருந்ததை வடித்துவிட்டு, பதினைந்து நாள் பார்த்தேன். ஒரு சொட்டு இல்லை. இனிமேல் சாக்கு இல்லை.

அன்று சாயங்காலம் அவள் நடந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசற்படியில் உட்கார்ந்து முழங்காலைப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பையால் விழவில்லை, ஆயிலால். ஆயில் ஒழுகியது என்னால். டயரை அன்றைக்கே பார்த்துவிட்டேன் என்பதையும் சொன்னேன்.

அவள் தேய்ப்பதை நிறுத்தவில்லை. அப்படியே கேட்டாள்.

"அப்பறம் இத்தன மாசம் நான் எதுக்குங்க நடந்தேன்?"

கோபமாகக் கேட்டிருந்தால் ஏதாவது சொல்லியிருப்பேன். தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.