மாதிரி ரயிலுக்கு அளந்த அறை

எண்பத்தோராம் ஆண்டு, கப்பலில் வேலை செய்யும் என் மச்சான், மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில் வாங்கி வருவதாக எழுதி, எந்த அளவு வேண்டுமெனக் கேட்டிருந்தார். இலங்கையின் கிழக்குக் கரையில், ரயில் ஓடாத கல்முனையில் பிறந்த எனக்கு அது இருபது வருட ஆசை. பெரியது சுற்றித் திரும்ப மூன்றடி அகலம் வேண்டும். சிறியதற்கு இரண்டடி போதும். முன்னறையை மூன்று தரம் அளந்து குறித்துக்கொண்டு, பெரியதையே கேட்டேன்.

ரயில், எங்கள் ஊர்ப் பேச்சில் கோச்சி, வந்த வாரமே மகளின் கல்யாணம் பேசி முற்றாயிற்று. எங்கள் வழக்கப்படி வீடு மகளுக்கு; மருமகன் அங்கே குடிவருவார். நாங்கள் பின்னறைக்குப் போக வேண்டும்.

"இஞ்ச, மூணு தரம் அளந்தீங்களே, ஆருட ஊடு எண்டு யோசிச்சீங்களா? மருமகன் கோச்சிக்குள்ளயா படுக்கிற?" என்றாள் மனைவி.

பின்னறையில் கட்டிலும் அலுமாரியும் போக மீதி அகலம் இரண்டடி மூன்றங்குலம். ரயிலை மாற்றவும் முடியாது. வாங்கிய துறைமுகத்துக்கு மச்சானின் கப்பல் இனிப் போகாதாம். கட்டிலோரம் ஐந்தடி நேராக ஓடிச் சுவரடியில் நிற்கும் ரயிலை ஒவ்வொரு தரமும் கையால் தூக்கித் திருப்புகிறேன்.

இப்போது எதையும் அளக்குமுன், அந்த இடம் இன்னும் எத்தனை வருடத்துக்கு எங்களுடையது என்று மனைவியிடம் கேட்டுக்கொள்கிறேன். கல்யாண வயதில் மகள் உள்ள வாசகர்கள், வீடு எவ்வளவு பெரிதாக இருந்தாலும், சிறிய அளவையே கேளுங்கள்.