மூன்று நாள் முன்னதாகவே எடுத்த படிகம்

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் அவருக்கு வைத்திருந்த பெயர் ஆடாதக்கா. படிகம் வளர்க்கிற அறைக்குள் யார் காலடி வைத்தாலும் "ஆடாத, ஆடாத" என்று தன்னால் அவர் வாயில் வந்துவிடும். மேசைமேல் பேனாவைப் போட்டால்கூட முகம் சுண்டிப் போகும். பாவம், அவரையும் குற்றம் சொல்ல முடியாது. வெதுவெதுப்பான உப்புக் கரைசலில் ஒரு பொடிப் படிகத்தை நூலில் கட்டித் தொங்கவிட்டு, துளித்துளியாகச் சூட்டைக் குறைத்துக்கொண்டே வரவேண்டும். இரண்டு மாதம், சில சமயம் மூன்று. அதிர்ந்தாலோ சூடு சட்டென்று இறங்கினாலோ அடியில் பொடிப்பொடியாகக் கொட்டிவிடும், அவ்வளவுதான். பெற்ற பிள்ளையைக்கூட யாரும் இப்படிப் பொத்திப் பொத்தி வளர்த்திருக்க மாட்டார்கள். நல்லபடியாக வளர்ந்ததோ, கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் பச்சையாக வெளியே வரும்.

அந்தப் பச்சையை மகளுக்குக் காட்டுவதாகச் சொல்லியிருந்தார். மகளுக்கு அப்போது ஏழு வயது. பள்ளி விட்டதும் வந்து அறைக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பாள். ஒருநாள் முதல் பல் விழுந்துவிட்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு, கதவைப் படாரென்று தள்ளி உள்ளே ஓடிவந்தாள். மறுநாள் பார்த்தால் கண்ணாடித் தொட்டியின் அடி முழுக்கப் பொடி. உன் ஓட்டத்தால் இரண்டு மாத வேலை போயிற்று என்று பிடிபிடியென்று பிடித்துவிட்டார். ஒரு வாரம் கழித்துத்தான் தெரிந்தது, சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி இரவில் கோளாறாகி நின்றிருக்கிறது.

சொல்லியிருக்கலாம். முதலில் கூச்சம், பிறகு எப்படி ஆரம்பிப்பது என்ற தயக்கம், அப்புறம் வருஷங்கள் ஓடிவிட்டன. மகள் அந்த அறைக்குள் அதன்பிறகு வரவே இல்லை. வேலைக்குப் போன பிறகும், கீழே நிற்கிறேன், வா என்று போனில்தான் கூப்பிடுவாள். யாராவது கதவைத் திறந்தால் அவளாக இருக்கக்கூடாதா என்று அக்காவின் மனசு அடித்துக்கொள்ளும்.

போன வாரம் மகள் போன் செய்தாள். தூர தேசத்துக்கு வேலை மாற்றலாகிப் போகிறாளாம், குறைந்தது மூன்று வருஷமாம். ரயில் மாறுகிற இடைவெளியில் ஒரு காலைப்பொழுது வருகிறாளாம். தொட்டியில் கட்டைவிரல் அளவில் தண்ணீர்போல் தெளிந்த படிகம் ஒன்று இருந்தது, அக்காவின் கையில் இதுவரை வராத படிகம். அவள் வரும் நாளில், சூடு முழுக்க இறங்க இன்னும் மூன்று நாள் பாக்கி இருக்கும். அதற்குள் எடுத்தால் விரிசல் விடலாம் என்பதைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடியவர் அவர். பழைய மங்கல் துண்டு எதையாவது காட்டியிருக்கலாம். மனசு கேட்கவில்லை.

மகள் வந்தாள். வந்தவள் நேராகப் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"உள்ள வாடி," என்றார்.

செருப்பைக் கழற்றிவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு, நுனிக்காலில் மூச்சை அடக்கி வந்தாள். இருபத்தேழு வயதுப் பெண். அக்கா தொட்டியிலிருந்து படிகத்தைத் தூக்கிப் பஞ்சின்மேல் வைத்தார். இருவரும் லேசருக்கான கண்ணாடியை மாட்டிக்கொள்வதற்குள், டிக் என்று ஒரு சத்தம். படிகம் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"ஐயோம்மா," மகளின் முகம் வெளுத்துவிட்டது. "நான் மெதுவாத்தானே வந்தேன்?"

"உன்னால இல்ல. நான்தான் அவசரப்பட்டு எடுத்தேன்." அதோடு நிறுத்த அவரால் முடியவில்லை. "அன்னைக்கும் உன்னால இல்லடி. மெஷின் கோளாறு. ஒரு வாரத்துலயே எனக்குத் தெரியும்."

மகள் தன் வெறுங்காலைக் குனிந்து பார்த்தாள்.

"யார் வீட்டுக்குப் போனாலும் நான் இப்படித்தாம்மா நடக்கறேன்," என்றாள்.

இருவரும் கண்ணாடியை மாட்டிக்கொண்டதும் அக்கா, பிளந்ததில் பெரிய துண்டை எடுத்து லேசருக்கு நேராக வைத்தார். மகள் பிடித்திருந்த வெள்ளை அட்டையில் பச்சைப் புள்ளி விழுந்தது. மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள், அக்கா மகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ரயிலுக்கு நேரமாகிவிட்டது. மகள் மன்னித்தேன் என்றும் சொல்லவில்லை, கோபப்படவும் இல்லை. செருப்பை மாட்டிக்கொண்டு, கதவைப் படாரென்று சாத்திவிட்டு, நடைபாதை அதிர ஓடினாள். கண்ணாடித் தொட்டிகள் எல்லாம் கிணுகிணுத்தன. "ஆடாத" என்பது அக்காவின் வாயில் வரவில்லை. அந்தக் காலடிச் சத்தம் இன்னும் கொஞ்சம் கேட்காதா என்று கதவருகிலேயே நின்றார்.