பங்கருக்குள் கினிப்பன்றி

சுழன்றுகொண்டிருக்கும் சைக்கிள் சில்லை உள்ளங்கையால் அழுத்தி நிறுத்துகிறார் சின்னராசா. வாயைச் சற்றுத் திறந்து, வலது காதைத் தெற்கே திருப்பி, கண்களை மூடிக்கொள்கிறார். எதிர்ப்பக்கத் தேநீர்க்கடையில் கமலாசனி ஆற்றிக்கொண்டிருந்த தேத்தண்ணி அந்தரத்தில் நிற்கிறது. பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்களும் பேச்சை விட்டுவிட்டு அவருடைய முகத்தைப் பார்க்கிறார்கள்.

"ஒண்டுமில்லை. ட்ரக்டர்."

சில்லு மறுபடி சுழல்கிறது. தேத்தண்ணி குவளைக்குள் விழுகிறது.

மல்லாவிக்கு அப்பால், பாலை மரத்தடியில் தறப்பாள் கட்டிச் சைக்கிள் திருத்துகிறார் சின்னராசா. வயது ஐம்பத்துநான்கு. தொண்ணூற்றைந்தில் யாழ்ப்பாணத்திலிருந்து புறப்பட்டு, நாலு இடத்தில் கொட்டில் போட்டுப் பிரித்து, ஐந்தாவதாக இந்தச் சந்திக்கு வந்து சேர்ந்தவர். மலேரியாக் குளிசைகளோடு ஊர் ஊராகச் சைக்கிள் மிதிப்பது என் வேலை என்பதால், கிழமைக்கு இரண்டு தடவையாவது அவருடைய மர வாங்கில் குந்தியிருக்க நேர்கிறது.

சின்னராசா பயந்த மனிதர். நாய், இடி, ஊசி, கட்டில்லாத கிணறு எல்லாவற்றுக்கும் பயம். மூத்த மகள் பிறந்த அன்று ஆஸ்பத்திரி வாசலில் சத்தி எடுத்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தவர் என்று அவருடைய மனைவி ஞானேஸ்வரி ஆட்களுக்கு முன்னாலேயே சொல்வார். சின்னராசா மறுக்கமாட்டார். "எனக்குப் பயம் கூடத்தான் தம்பி. அதை ஒளிச்சு என்ன செய்யிறது?" என்பார்.

அந்தப் பயம்தான் குண்டுக்குப் பதுங்க மரத்துக்குப் பின்னால் சந்தியிலேயே ஆழமான பங்கரை வெட்டியது. பனங்குற்றி அடுக்கி, உரப்பைகளில் மண் நிரப்பி, ஒன்று மூடுண்டால் மற்றதால் வெளியேற இரண்டு வாசல் வைத்திருக்கிறார். கிபிர் குண்டு விமானம் வருவதை மற்றவர்கள் கேட்பதற்கு முன்னரே அவர் கேட்டுவிடுவார். முப்பது வரை எண்ணுகிற நேரம் முந்துவார் என்று கமலாசனி கணக்குச் சொல்வார். அதனால் சின்னராசா பங்கருக்கு ஓடினால் சந்தியே பின்னால் ஓடும்.

இந்த மனிதரிடம்தான் கினிப்பன்றி வந்து சேர்ந்தது.

விமலேஸ்வரி ரீச்சர் விலங்கியல் படிப்பித்தவர். யாழ்ப்பாணத்துப் பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஒற்றைக் கினிப்பன்றியைப் பனையோலைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவந்து, மூன்று வருடமாக வளர்த்தார். இந்த வருடம், தொண்ணூற்றெட்டு ஆனியில், கண் சத்திரசிகிச்சைக்காக வவுனியாவுக்குப் போகப் பாஸ் கிடைத்தது. சோதனைச் சாவடியில் பெட்டியைத் திறந்து என்ன சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை. சைக்கிளை விற்க வந்த இடத்தில் பெட்டியையும் சின்னராசாவிடம் நீட்டினார்.

"கடிக்குமோ ரீச்சர்?"

"கடியாது. அதுதான் உங்களைக் கண்டு பயப்பிடும்."

தன்னைக் கண்டு பயப்படுகிற ஓர் உயிரை அவர் அதுவரை சந்தித்ததில்லை. வாங்கிக்கொண்டார். 

பழுப்பும் வெள்ளையுமாக, வாலில்லாமல், பெரிய எலிக்கும் சின்ன முயலுக்கும் நடுவில் ஒரு உருவம். சந்தியில் எல்லாரும் பன்றியைப் "பண்டி" என்றே கூப்பிட்டார்கள். ஆனாலும் பல்லுள்ள சீவன்தானே. ரயர் கழற்றுகிற தட்டைக் கம்பியின் நுனியில் அறுகம்புல்லைச் செருகி, ஒரு முழம் தள்ளி நின்றுதான் தீன் கொடுப்பார். பண்டி நாளுக்கு நாள் கொழுத்தது. "பாத்தியளே, ரீச்சரின்ரை கையிலை காஞ்சு கிடந்தது" என்று வாடிக்கையாளர்களுக்குக் காட்டிப் பெருமைப்பட்டார்.

ஆடி மாதக் கடைசியில் ஒரு காலை, வைக்கோல் மாற்றுவதற்காகப் பழைய சேட்டைக் கையில் சுற்றிக்கொண்டு பண்டியைத் தூக்கினார். தூக்கியபடியே நின்றுவிட்டார். பிறகு அதை மெதுவாக வைத்துவிட்டு, கடையைத் திறந்தபடி போட்டுவிட்டு, நான் மருந்து கொடுத்துக்கொண்டிருந்த பாடசாலைக்கு நடந்தே வந்தார். முகத்தில் இரத்தமில்லை.

"தம்பி, அதுக்குள்ளை வேறை ஒண்டு கிடக்கு. உதைக்குது."

விசாரித்ததில் ஞானேஸ்வரிக்கு ஒரு விசயம் நினைவுக்கு வந்தது. சித்திரையில் இன்னொரு ஆசிரியை, பெண் என்று சொல்லி, இன்னொரு கினிப்பன்றிக் குட்டியை ரீச்சரிடம் விட்டுப்போயிருந்தார். இரண்டும் ஒரே கூட்டில் கிடந்தன. ஆனி தொடக்கத்தில் குட்டியை மரநாய் கொண்டுபோய்விட்டது. ஞானேஸ்வரி சிரித்தார். "விலங்கியல் படிப்பிச்சவாவுக்கே அந்தக் குட்டி ஆண் எண்டு தெரியேல்லை."

சின்னராசாவுக்குச் சிரிப்பு வரவில்லை.

புதன்கிழமைகளில் மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளில் மிருக வைத்தியர் அந்தச் சந்தியைக் கடப்பார். சின்னராசா தெருவின் நடுவில் நின்று மறித்தார். மாடுகளையே பார்த்துப் பழகிய மனிதர் பண்டியின் அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். முகம் மாறியது.

"இதுக்கு முந்திக் குட்டி போட்டதோ?"

"இல்லையாம்."

"பிந்திப்போச்சு. எட்டு மாசத்துக்குள்ளை முதல் குட்டி போடவேணும். பிறகு இடுப்பெலும்பு இறுகிப்போம். குட்டி வர வழியிராது. தாயும் போயிடும்." சின்னராசாவின் விரலைப் பிடித்து இரண்டு எலும்புகளுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் வைத்தார். "ஒவ்வொரு நாளும் இதைப் பாருங்கோ. ஒரு விரல் அகலத்துக்கு விரிஞ்சால் அடுத்த நாளுக்கிடையிலை குட்டி வரும், பிழைக்கும். விரியாட்டி ஒண்டும் செய்யேலாது. கொய்யாப்பழம், பச்சை இலை நிறையக் குடுங்கோ. ஒண்டு சொல்லுறன், வெருட்டிப்போடாதையுங்கோ. பெரிய சத்தம் கேட்டால் தீனை விட்டிடும்."

"இஞ்சையோ டொக்டர்? சத்தம் இல்லாமலோ?"

வைத்தியர் மோட்டார் சைக்கிளை உதைத்தார்.

அன்றே கூடு பங்கருக்குள் போனது. அங்கேதான் சத்தம் குறைவு என்பது சின்னராசாவின் தீர்மானம். பாம்பு வராமல் இரு வாசலிலும் சைக்கிள் கம்பிகளைப் பின்னி வலை அடித்தார். கூட்டின் கால்களைத் தண்ணீர்ச் சிரட்டைகளில் வைத்து எறும்பை மறித்தார். காலையில் ஒரு தரம், வெயிலேற ஒரு தரம், பின்னேரம் ஒரு தரம் இறங்கி, விரலால் அந்த இடைவெளியைத் தொட்டுப் பார்த்தார். அரைவிரல்கூட இல்லை.

மூன்றாம் நாள் பண்டி உள்ளே கீச்சிட்டது. கையிலிருந்த ஸ்பானரை எறிந்துவிட்டுச் சின்னராசா பங்கரை நோக்கிப் பாய்ந்தார்.

அவர் பாய்ந்ததைச் சந்தி கண்டது. கமலாசனி தோசைமாச் சட்டியைத் தட்டிவிட்டு ஓடினார். பஸ்ஸிலிருந்து ஆட்கள் யன்னலால் குதித்தார்கள். ஒரு கிழவர் வாய்க்காலில் விழுந்து முழங்காலைக் கிழித்துக்கொண்டார். பத்துப் பேர் இருட்டுக்குள் மூச்சுவாங்கியபடி சத்தத்துக்குக் காத்திருந்தபோது, மூலையில் சின்னராசா பண்டிக்குக் கொய்யாப்பழம் ஊட்டிக்கொண்டிருந்தார்.

"பண்டிக்கோ அண்ணை ஓடினனீங்கள்?" கமலாசனியின் குரல் கரகரத்தது. "நெஞ்சு வெடிச்சுப்போச்சு எனக்கு. நாலு பிள்ளையள் இருக்குதுகள்!"

சின்னராசா எல்லாரிடமும் மன்னிப்புக் கேட்டார். அன்று மத்தியானம் ஞானேஸ்வரி கேட்ட கேள்விதான் அவரைக் கூடுதலாக உலுக்கியது. "இஞ்சருங்கோ, நீங்கள் உதுக்குள்ளை இருந்தால் வானத்தை ஆர் கேக்கிறது?"

அதை அவர் யோசித்திருக்கவில்லை. மண்ணுக்குள்ளே அவருடைய காதுக்கும் ஒன்றும் எட்டாது. அன்றிலிருந்து இறங்கும்போதெல்லாம் "பண்டிக்குப் போறன்!" என்று சந்திக்கே கேட்கக் கத்திவிட்டுப் போவார். உள்ளே நூறு வரை எண்ணுவார். நூறானதும் ஏறி வந்து, வாயைத் திறந்து வானத்தைக் கேட்பார். கீழே இருந்தால் மேலே பயம், மேலே வந்தால் கீழே பயம். இரண்டு கிழமையில் மெலிந்து, சாரம் இடுப்பில் நிற்காமல் நழுவியது.

ஆவணியில் ஒரு வியாழக்கிழமை. என் சைக்கிளுக்குக் காற்றுப் போயிருந்தது. பத்து மணியிருக்கும். சின்னராசா பங்கருக்குள்ளிருந்து தலையை நீட்டினார். "தம்பி, விரிஞ்சிருக்கு. முழு விரல் இல்லை. முக்கால்." அழுவதா சிரிப்பதா என்று தெரியாத முகம். 

சற்று நேரத்தில் முதல் குட்டி சுகமாக வந்தது. பிறக்கும்போதே உடம்பெல்லாம் மயிர், கண் திறந்திருந்தது. அடுத்தது வரவில்லை. பண்டி முக்கி முக்கிக் களைத்து, பக்கவாட்டில் சாய்ந்தது. அரைமணி நேரமாயிற்று. வயிற்றில் தடவத் தேங்காயெண்ணெய் எடுக்க மேலே ஏறி, போத்தலோடு திரும்பிய சின்னராசா, வாசலிலேயே நின்றுவிட்டார். வாய் திறந்தது.

"கிபிர்," என்றார். மறுபடி கத்தினார்.

ஒருவரும் அசையவில்லை. சற்று முன்னர்தானே "பண்டிக்குப் போறன்" என்று சொல்லிவிட்டு இறங்கினார். கமலாசனி கரண்டியோடு எட்டிப் பார்த்து, "பண்டிக்கோ அண்ணை?" என்றார்.

"பண்டிக்கில்லை! கிபிர்! ஓடி வாங்கோ! என்ரை அம்மாளாச்சி, ஓடி வாங்கோ!"

அவர் பங்கருக்குள் இறங்கவில்லை. தெருவுக்கு ஓடினார். கமலாசனியின் கையைப் பிடித்து இழுத்தார். சத்தம் எங்கள் காதுகளுக்கும் எட்டியபோது கடைசி ஆள் வாசலுக்குள் நுழைந்துகொண்டிருந்தார். எட்டுப் பேருக்கு வெட்டிய பங்கரில் பன்னிரண்டு பேர். சின்னராசா கடைசியாக விழுந்து, தவழ்ந்து, எங்கள் கால்களுக்கிடையால் போய்க் கூட்டை வயிற்றோடு அணைத்து மூடிக்கொண்டார்.

முதலாவது குண்டு குளத்துக்கு அந்தப் பக்கம் விழுந்தது. நிலம் எங்களைத் தூக்கிப் போட்டது. இரண்டாவதற்குக் கூரையிலிருந்து மண் கொட்டியது. இருட்டில் யாரோ தேவாரம் சொல்லத் தொடங்கிப் பாதியில் விட்டார்கள். சின்னராசாவின் பற்கள் அடித்துக்கொள்வது எனக்குக் கேட்டது. அந்தப் பற்களுக்கிடையால் அவர் பேசிக்கொண்டேயிருந்தார். "பயப்பிடாதையம்மா. எனக்கும் பயம்தான். எல்லாருக்கும் பயம்தான். முக்கு. நீ முக்கு."

"தள்ளுங்கோ அண்ணை," என்றார் கமலாசனி. "எண்ணெய் கிடக்கோ?"

எண்ணெய்ப் போத்தல் அவருடைய சாரத்து மடிப்புக்குள் இருந்தது. நான் கைவிளக்கைப் பிடித்தேன். சின்னராசா தாயைப் பிடிக்க, கமலாசனி சுண்டுவிரலில் எண்ணெய் தோய்த்து, மெதுவாக, மெதுவாக, குட்டியின் தலையைக் கொளுவி இழுத்தார். அது வந்தது. அசையவில்லை. கமலாசனி அதைச் சேலைத் தலைப்பில் சுற்றி ஒதுக்கி வைத்தார். அதன் பின்னாலேயே மூன்றாவது தானாக வழுக்கி வந்து தும்மியது.

விமானம் போன பிறகும் கனநேரம் ஒருவரும் ஏறவில்லை. பன்னிரண்டு பேரும் அந்தத் தும்மலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

குளத்துக்கு அந்தப் பக்கம் ஒரு வயற்கொட்டிலும் இரண்டு மாடுகளும் போயிருந்தன. ஆட்களுக்கு ஒன்றும் இல்லை. இறந்த குட்டியைச் சின்னராசா பாலையடியில் புதைத்தார்.

வைத்தியர் சொன்னது நடந்தது. பண்டி தீனை விட்டது. ஒரு நாள், இரண்டு நாள். சின்னராசா கடை திறக்கவில்லை. கொய்யாப்பழத்தை அம்மியில் அரைத்து, விரல் நுனியில் எடுத்து, அதன் பற்களுக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தார். மூன்றாம் நாள் காலை அது விரலை நக்கியது. பிறகு கடித்தது. இரத்தம் வந்த விரலோடு தெருவைக் கடந்து ஓடி, அவர் கமலாசனிக்குக் காட்டினார். "கடிச்சுப்போட்டுது! தின்னப்போகுது!"

இப்போது குட்டிகள் இரண்டும் வாங்குக்குக் கீழே ரயர்களுக்கிடையில் ஓடித் திரிகின்றன. தாய் பழைய சேட்டின் மேல் படுத்திருக்கிறது. அன்று எல்லாரையும் உள்ளே விட்டுக் கடைசியாக வந்தது சின்னராசாதான் என்று சந்தியில் சொல்லிக்கொள்கிறார்கள்.

நேற்றுப் போயிருந்தேன். "இனி உங்களுக்குப் பயம் விட்டுப்போயிருக்குமே அண்ணை?" என்று கேட்டேன்.

சின்னராசா கிறீஸ் படிந்த விரல்களால் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, தன் சேட்டுப் பொத்தானைக் கழற்றி, என் உள்ளங்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டிருந்த நெஞ்சில் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டார்.